கேட்டால் இறங்கும் தண்ணீர்

அவனேதான். இடது காது மடல் நடுவில் பிளந்திருக்கிறது. தலை நரைத்துவிட்டது, கன்னம் தொங்கிவிட்டது, அன்றைக்கு அரைக்கால் டவுசரும் துணித்தொப்பியுமாக வெயிலில் அலைந்த ஆள் இன்றைக்கு முழுக்கைச் சட்டையைச் செருகிக்கொண்டு மேடையின் நடு நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை மூடித் திறந்துகொண்டிருக்கிறான், ஆனால் காதை எங்கே கொண்டுபோய் ஒளிப்பான் என்று குருவையா நினைத்தார். பெயரையும் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்கள். பேராசிரியர் நடேசமூர்த்தி, புவி அறிவியல், வெளி மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து நமக்காக வந்திருக்கும் புறத்தேர்வாளர். நடேஷ் சார், நடேஷ் சார் என்று அந்தப் பிள்ளைகள் கரட்டில் நின்று கூப்பிட்ட கூப்பாடு இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் குருவையாவின் காதை விட்டுப் போகவில்லை. பொன்னாடை போர்த்தும்போது எல்லாரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். காதைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். தட்டின தட்டைத் திரும்ப வாங்க முடிந்தால் நன்றாயிருக்கும் என்று உள்ளங்கைகளை வேட்டியில் தேய்த்துக்கொண்டார். "என்னங்க, வேர்க்குதா" என்று பக்கத்தில் பூமாரி கேட்டாள். "ஒண்ணுமில்ல." "ஃபேனுக்கு அடியில போய் உக்காருங்களேன்." "ஒண்ணுமில்லங்கேன்ல." பூமாரிக்குத் தெரியவில்லை. அவள் அந்த ஆளைச் சரியாகப் பார்த்ததே கிடையாது. அவளுக்கு இன்றைக்கு மேடையில் தெரிவது மகள் ஒருத்திதான். செண்பகவல்லி பச்சைப் பட்டுப்புடவையில், கையில் ஒரு சின்னக் கருவியை வைத்துக்கொண்டு, திரையின் ஓரத்தில் விறைப்பாக நிற்கிறாள். டாக்டர் பட்டத்துக்கு அவள் எழுதின புத்தகத்தை இத்தனை பேர் முன்னால் எடுத்துச் சொல்லி, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் இந்தக் காது பிளந்தவன் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். இவன் போட்டால்தான். உலகத்தில் வேறு ஆளே கிடைக்கவில்லையா. அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த எஸ்தரம்மா எழுந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சொன்னது இன்னும் மண்டைக்குள் நிற்கிறது. நிறைவில் அவையோர் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். யார் வேண்டுமானாலும். அப்படித்தான் சொன்னார். இவ்வளவு வருஷமாகக் கடவுளிடம் கேட்டது இந்த ஒரு வரம்தான். அவனை ஒரு நாள் நாலு பேர் முன்னால் என் கையில் கொடு, நான் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். கொடுத்தான். கொடுத்த நாளைப் பார்.

கட்டடமே அவருக்குப் பிடிக்கவில்லை. வாசலில் நாலு பலகை. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் அவருக்கு, மூன்றாம் வகுப்போடு சரி, என்றாலும் பூமாரி செருப்பைத் தேடின நேரத்தில் நாலையும் படித்துவிட்டார். புவி அறிவியல். வளங்குன்றா வளர்ச்சி. ஆற்றல். இலக்கியம். பங்காளிகள் நாலு பேர் ஒரே வீட்டைத் தடுத்துக் குடியிருக்கிற மாதிரி நாலு படிப்புக்கும் ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி. ஆற்றல் என்றால் என்ன என்று மகளிடம் கேட்டதற்குக் காற்றாலை, சூரிய மின்சாரம் எல்லாம் அதில் வரும்ப்பா என்றாள். வளங்குன்றா வளர்ச்சி என்றால், இன்றைக்கு நாம் எடுத்த தண்ணீரில் நாளைப் பிள்ளைகளுக்கும் மிச்சம் வைக்கிறதுப்பா என்றாள். அதைப் படிக்க ஒரு மாடி வேண்டுமா, எங்கள் கரட்டூர்க்காரன் எவனைக் கேட்டாலும் வாசலில் நின்றே சொல்வானே என்று நினைத்தார், சொல்லவில்லை. அவள் முதலில் தமிழ்தான் படித்தாள். பிறகு மாடி ஏறிக் கல்லையும் மண்ணையும் படித்தாள். இரண்டையும் சேர்த்துக் கிணறுகளைப் பற்றி எழுதப் போகிறேன் என்று வந்து நின்ற அன்று அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். கிணறு என்ற சொல்லை அந்த வீட்டில் யாரும் சொல்வதில்லை. தண்ணீர் எடுக்கப் போகிறேன் என்பார்களே தவிர, எதிலிருந்து என்று சொல்வதில்லை. அவள் ஊர் ஊராகப் போனாள். வெயிலில் கறுத்து வந்தாள். யார் யார் வீட்டிலோ மோர் குடித்தாள். பின்வரிசையில் இரண்டு பையன்கள் குசுகுசுக்கிறார்கள். "மட்டனா சிக்கனாடே?" "சைவம்னு சொல்லுதாங்க." "போச்சு. போன வாரம் நடந்த வைவாவே தேவலை." "கேள்வி கேட்டுக் கீட்டு நேரத்தை இழுக்காதேடே, பாயசம் ஆறிரும்." ஒருவன் சிரித்தான். குருவையா திரும்பி முறைத்தார். பையன் நெளிந்து, "சும்மா பேசிக்கிட்டிருந்தோம் தாத்தா" என்றான். தாத்தாவாம். அன்றைக்குக் கரட்டில் நின்ற பிள்ளைகளும் இதே வயசுதான். இதே சிரிப்புத்தான். ஊருணிக் கரையில் கூடாரம் அடித்தார்கள். இரும்புக் குச்சிகளைத் தரையில் வரிசையாக அடித்து, ஒயரை இழுத்து, நடுவில் பெட்டியை வைத்து முள்ளு ஆடுவதைப் பார்த்துப் பார்த்துக் குறித்துக்கொண்டார்கள். ஊரே போய் நின்று வேடிக்கை பார்த்தது. தம்பி மாடக்கண்ணுதான் தினமும் அவர்களுக்குப் பதநீர் கொண்டுபோய்க் கொடுப்பான். காது எப்படிக் கிழிந்தது சார் என்று நேராகவே கேட்டான். சின்ன வயசில் முள்கம்பி கிழித்ததாம் என்று வந்து சொல்லிச் சிரித்தான். யாரிடமும் எதையும் கேட்டுவிடுவான் மாடக்கண்ணு. அவனுக்கு வாய் கூசாது. யாரிடமும் எதையும் கேட்கிறவன். போதும். அந்தப் பக்கம் போக வேண்டாம்.

திரையில் ஒரு பாறை வந்தது. பாறையின் மேல் சுண்ணாம்பில் ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. குருவையாவின் கால் தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டு நாற்காலிக்காலில் இடித்தது. அவர்கள் ஊர்ப் பாறை இல்லை, வேறு எங்கேயோ எடுத்த படம், ஆனால் வட்டம் அதே வட்டம். செண்பகவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள். மேடையில் அவள் பேசுகிற தமிழ் வீட்டில் பேசுகிறதில்லை. "நீரோட்டம் பார்ப்பவர் ஊருக்கு வந்து, நிலத்தை நடந்து பார்த்து, நீர் இருக்கும் இடத்தில் இப்படி ஒரு வட்டமும் புள்ளியும் இடுவார். இட்ட பிறகு அவர் யாரிடமும் பேசுவதில்லை. திரும்பிப் பார்க்காமல் ஊரை விட்டுப் போவார். அவரிடம் தண்ணீர் உண்டா, எத்தனை அடியில் என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் தண்ணீர் கீழே இறங்கிவிடும் என்பது நம்பிக்கை. நான் சென்ற ஊர்களில் பெரும்பாலானவற்றில் இந்த வழக்கம் இருக்கிறது." அவையில் மெல்ல ஒரு சிரிப்பு ஓடியது. பொல்லாத சிரிப்பு இல்லை, குழந்தை எதையோ சொன்னால் சிரிப்பார்களே அந்தச் சிரிப்பு. காது பிளந்தவனும் சிரித்துக்கொண்டே எதையோ குறித்துக்கொண்டான். சிரிடா. நீதானே போட்டாய். ஊருணிக்கு மேற்கே, எனக்கும் தம்பிக்கும் பொதுவான கரட்டுக் காட்டில், வெள்ளை வெளேர் என்று வட்டம், நடுவில் புள்ளி. விடியும்போது போய்ப் பார்த்தால் கூடாரம் இல்லை. ஜீப்பு கண்மாய்க்கரை ஏறிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போகிறது. ஒருத்தனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீரோட்டக்காரன் போகிற மாதிரியே போனீர்கள். பிறகு நாங்கள் என்ன நினைப்போம்? வட்டத்தைச் சுற்றி நின்றார்கள். ஈரப் பெயிண்ட் வாசனை. யாரோ சொன்னார்கள், இவன்தான் அசல் ஆளு என்று. குருவையா ஜீப்பைப் பார்த்து ஓட ஓர் எட்டு எடுத்து வைத்தார். குறுக்கே நடந்தால் கரை முக்கில் மறித்துவிடலாம். மறித்துக் கேட்டுவிடலாம். யாரோ கையைப் பிடித்தார்கள். யாரோ. காலை வெயில் கண்ணைக் குத்துகிறது, முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிகிறது. கை சூடாக இருக்கிறது. போதும். பூமாரி முழங்கையால் இடித்தாள். "பல்லைக் கடிக்காதீங்க. சத்தம் கேக்குது."

இப்போது மேடையில் இருப்பவர்கள் கேட்கிறார்கள். எஸ்தரம்மா லேசாக இரண்டு கேட்டார், அது சொல்லிக்கொடுத்துக் கேட்கிற கேள்வி, குருவையாவுக்கே தெரிந்தது. பிறகு அவன். குரல் மாறவே இல்லை. மூக்கில் பேசுகிற அதே குரல். பாறையைப் பற்றிக் கேட்டான், கிணறு வெட்டுகிறவர்கள் பாடுவதாக அவள் எழுதின பாட்டைப் பற்றிக் கேட்டான், பாட்டில் வருகிற சுக்காம்பாறையும் பாடப் புத்தகத்துப் பாறையும் ஒன்று என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டான். அவள் பதில் சொன்னாள். ஒவ்வொரு பதிலுக்கும் தலையை ஆட்டினான். ஆட்டுகிற ஒவ்வொரு ஆட்டுக்கும் பூமாரி மூச்சு விட்டாள், குருவையாவுக்கு மூச்சு இன்னும் இறுகியது, ஏனென்றால் அவன் நல்லவன் மாதிரி இருக்கிறான், மகளை மதித்துக் கேட்கிறான், அவள் முகம் மலர்கிறது, அவனைப் பார்த்து ஐயா ஐயா என்கிறாள். அவள் சித்தப்பன் தோளில் உட்கார்ந்து ஊரைச் சுற்றினவள். சித்தப்பா எங்கே என்று நாலு வயசில் கேட்டு, யாரும் சொல்லாமல், பிறகு கேட்பதை விட்டவள். அவளுக்கு இவன் யார் என்று தெரியாது. தோண்டின கிணறு சரிந்து சித்தப்பன் உள்ளே போனது தெரியும், யாரோ படித்தவர்கள் வந்து வட்டம் போட்டார்கள் என்பது தெரியும், ஊரில் எல்லாருக்கும் அது தெரியும், பல்கலைக்கழகத்துக்காரன் காட்டின கிணறு ஆளைத் தின்னுட்டது என்றுதான் இன்றைக்கும் பேச்சு. காது தெரியாது. பெயர் தெரியாது. எழுந்து கேட்டால் என்ன ஆகும்? அவன் முகம் சுருங்கும். சுருங்க வேண்டும். அதைப் பார்க்கத்தான் உயிரோடு இருப்பது. சுருங்கினால் பேனாவை மூடுவான். மூடினால் ஆறு வருஷம் போச்சு, பூமாரி விற்ற கம்மல் போச்சு, கட்டினால் படிச்சு முடிச்சிட்டுத்தான் கட்டுவேன் என்று தள்ளிவிட்ட மாப்பிள்ளைகள் போச்சு. கேட்காவிட்டால்? கேட்காவிட்டால் மத்தியானம் இலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து பாயசம் குடிக்க வேண்டும். இன்னுங் கொஞ்சம் போடச் சொல்லட்டுமா சார் என்று கேட்க வேண்டும். அப்போது அவன் கேட்டான். "அந்த வழக்கம் சொன்னீர்களே அம்மா, வட்டம் போட்டவரிடம் மறுபடி கேட்கக் கூடாது என்று. அதனால் யாருக்காவது தீங்கு நடந்திருக்கிறதா? களத்தில் அப்படி ஏதாவது பதிவு செய்தீர்களா?" செண்பகவல்லியின் கண் அவையைத் தடவிக்கொண்டு வந்து அப்பாவின் மேல் பட்டு விலகியது. "அப்படி எதுவும் நான் பதிவு செய்யவில்லை ஐயா" என்றாள். மாடக்கண்ணு செத்தான். இரண்டாவது தடவை செத்தான். அதுவும் இவள் வாயால். எஸ்தரம்மா ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு, "அவையில் யாருக்காவது கேள்வி இருந்தால்" என்றார், இருக்காது என்று தெரிந்த குரலில், கண் கடிகாரத்தில்.

அவர் எழுந்ததை அவரே பார்க்கவில்லை. பூமாரி வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. பிள்ளை பொழப்புங்க இது." பின்வரிசைப் பையன், "தாத்தா, பாயசம்" என்று கிசுகிசுத்தான். ஒரு பெண் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். அது ஈரமாக, கனமாக இருந்தது. "எனக்கு ஒரு கேள்வி. மேடையில நடுவுல இருக்காரே அவர்கிட்ட" என்றார். அவர் குரல் கூடத்தின் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்து அவரையே அடித்தது. எஸ்தரம்மா சிரித்தார். "ஐயா, நீங்க செண்பகவல்லியோட அப்பா இல்லையா? சந்தோஷம். ஆனா இங்க ஒரு முறை இருக்கு. தேர்வாளரை யாரும் கேட்க முடியாது. கேள்வி எதுவானாலும் ஆய்வாளரைத்தான் கேட்கணும். உங்க மகளைத்தான்." நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையை மிக லேசாக, வேண்டாம் என்று, ஆட்டினாள். இத்தனை வருஷம் ஒருத்தனுக்காகத் தீட்டின கத்தியை இவள் பக்கம் திருப்பச் சொல்கிறார்கள். உட்கார்ந்துவிடலாம். முழங்கால் மடங்கத் தயாராகத்தான் இருந்தது. வாய் மடங்கவில்லை. "அப்ப அவளையே கேக்கேன். ஒரு ஊருல படிச்சவங்க வந்து பாறையில வெள்ளை வட்டம் போட்டாங்க. நடுவுல புள்ளி. ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டாங்க. தண்ணி இருக்குன்னு நம்பி ஊர்க்காரன் தோண்டினான். பாறை சரிஞ்சு ஒருத்தன் உள்ளே போயிட்டான். யார் மேல தப்பு? வட்டம் போட்டவன் மேலயா இல்லையா? அதை மட்டும் சொல்லு." காது பிளந்தவனின் பேனா நின்றுவிட்டது. ஆனால் முகம் சுருங்கவில்லை. அவன் அவரைப் பார்க்கவே இல்லை. செண்பகவல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான், பதிலுக்காக.

அவள் தண்ணீர் குடித்தாள். "பார்வையாளர் கேட்ட கேள்விக்கு" என்று தொடங்கினாள். அப்பா என்று சொல்லவில்லை. "நிலத்தடியை அளக்கிறவர்கள் கருவி வைத்த இடத்துக்கு வெள்ளை வட்டம் இடுவது உண்டு. மறுநாளும் அதே இடத்தில் வைப்பதற்காக. அந்த வட்டம் தண்ணீரைக் காட்டுவது இல்லை. ஒன்றையும் காட்டுவது இல்லை. கருவி இங்கே நின்றது, அவ்வளவுதான். அது ஊர்க்காரர்களுக்குத் தெரியாது." ஒன்றையும் காட்டுவது இல்லை. குருவையாவுக்குக் காது அடைத்துத் திறந்தது. அவள் பேசிக்கொண்டே போனாள். "ஆனால் அந்த ஊரில் வட்டத்துக்கு என்ன பொருள் என்று போட்டவர்கள் விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை. அழித்துவிட்டுப் போயிருக்கலாம். அழிக்கவில்லை. அது அவர்கள் தப்புத்தான்." தேர்வாளர் முகத்துக்கு நேராகச் சொன்னாள். எஸ்தரம்மா பேப்பரைப் பார்த்துக்கொண்டார். பூமாரி, "போச்சு" என்று முணுமுணுத்தாள். அவன் ஒலிபெருக்கியை இழுத்தான். "இதைத்தானே அம்மா நான் கேட்டேன். இல்லை என்றீர்கள்." "பதிவு செய்யவில்லை என்றேன் ஐயா." "எந்த ஊர்?" "கரட்டூர். எங்க ஊர்." அவன் கண்ணை மூடினான். யோசித்தான். மறைக்கிறவன் முகம் குருவையாவுக்குத் தெரியும், பஞ்சாயத்தில் எத்தனையோ பார்த்திருக்கிறார். இது மறைக்கிற முகம் இல்லை. தேடுகிற முகம். தேடிக் கிடைக்காத முகம். "நினைவில்லை" என்றான். "ஒவ்வொரு கோடைக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு ஊருக்குப் போவோம். இந்தப் பக்கமும் வந்திருக்கிறோம். வெள்ளைப் பெயிண்டில்தான் வட்டம் போடுவோம். அது நானாகத்தான் இருக்கும்." அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, மறுப்பும் இல்லை. இத்தனை வருஷமாகக் குருவையா தினமும் ராத்திரி அவனோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார், அவனுக்குத் தெரியவே தெரியாது. அவன் தொடர்ந்தான். "இது ஆய்வேட்டில் இல்லாமல் நான் கையெழுத்துப் போட முடியாது அம்மா. வழக்கத்தைச் சொல்லிவிட்டு அதனால் செத்த ஆளை விட்டுவிட்டால் அது அரை வேலை. வட்டம் போட்டது யார், என் பெயரைப் போடுங்கள், தயங்க வேண்டாம். தோண்டலாம் என்று சொன்னது யார். உங்களிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று யாராவது கிளம்பினார்களா, கிளம்பினவரைத் தடுத்தது யார். நேரில் பார்த்த சாட்சியைக் கேட்டு எழுதுங்கள்." தடுத்தது யார். கை சூடாக இருந்தது. வெயில் கண்ணைக் குத்தவில்லை, வெயிலே இல்லை அப்போது, பலபலவென்று விடிந்துகொண்டிருந்தது, முகம் நன்றாகத் தெரிந்தது. மாடக்கண்ணு. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். அண்ணே, பாத்தீயா, திரும்பிப் பாக்காமப் போறான், இவன்தான் அசல் ஆளு. இங்கதான் தோண்டுறோம். நான் போய்க் கேட்டுட்டு வாரேன்டா. ஏண்ணே, கோட்டி புடிச்சிருச்சா, கேட்டா தண்ணி இறங்கிரும்லா. கையைப் பிடித்து இழுத்தான். விளையாட்டாக, தோளில் கையைப் போட்டு, வட்டத்தைச் சுற்றி ஓர் ஆட்டம் கூடப் போட்டான். கஞ்சிக் கலயத்தோடு வந்த பூமாரி அதைப் பார்த்துச் சிரித்தாள். எல்லாரிடமும் எல்லாம் கேட்கிறவன், அன்றைக்கு மட்டும் கேட்கவும் இல்லை, கேட்க விடவும் இல்லை. அவன் பெண்சாதி இன்றைக்கும் ஊரில் தலை நிமிர்ந்து நடக்கிறாள், படித்தவன் செய்த பாவம் என் புருஷன் போனான் என்று. தன் குழியைத் தானே காட்டிக்கொண்டவன் என்று ஒரு நாக்கு, ஒரே ஒரு நாக்கு சொன்னால் போதும், அந்தத் தலை கவிழ்ந்துவிடும். அப்படி யாரும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இந்தக் காதின் மேல் பழியை இத்தனை வருஷமாக வளர்த்தது. இப்போது அதை அவனே கீழே வைத்துவிட்டான், நானாகத்தான் இருக்கும் என்று, கனமே இல்லாத மாதிரி.

எல்லாரையும் சாப்பிடப் போகச் சொன்னார்கள். முடிவைச் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் சாம்பார் வாசனை, இலை போடுகிற சத்தம். பையன்கள் அவரைச் சுற்றிக்கொண்டு போனார்கள், தாத்தா என்று யாரும் கூப்பிடவில்லை. பூமாரி தூண் பக்கம் நின்று, "ஒங்களுக்கு இன்னைக்கித்தான் நாளு கெடைச்சுதா" என்றாள். செண்பகவல்லி வேகமாக வந்தாள். புடவைத் தலைப்பு இடுப்பில் செருகியிருந்தது, கையில் செல்போன். அழுதிருக்கிறாள், முகத்தைக் கழுவியும் இருக்கிறாள். "அப்பா, சாருக்குச் சாயங்காலம் ரயிலு. அதுக்குள்ள ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துட்டா இன்னைக்கே கையெழுத்துப் போட்டுருவாராம். எஸ்தரம்மா சொல்லுறாங்க, சாட்சி நீங்கதான், வேற யாரு இருக்கா." "பழி வாங்குதானா?" "இல்லப்பா. அவரு அப்படி ஆளு இல்ல. நாந்தான் முன்னாலயே ஒங்களைக் கேட்டிருக்கணும்." போனை அவர் வாய்க்குக் கிட்டே பிடித்தாள். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது. அவள் குரல் மறுபடி மேடைக் குரல் ஆனது. ஊர் ஊராக எத்தனை கிழவன்களை இந்தக் குரலில் கேட்டிருப்பாள். "வட்டத்தைப் பார்த்துட்டு, இங்கதான் தோண்டணும்னு முதல்ல சொன்னது யாருப்பா?" பூமாரி தூணை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள். அவளுக்குத் தெரியும். கஞ்சிக் கலயத்தோடு நின்று பார்த்தவள். அவள் வாய் திறப்பதை அவர் பார்த்தார், அவளைப் பார்த்த பார்வையை எடுக்காமலே சொன்னார். "நாந்தான்." செண்பகவல்லியின் கை லேசாக இறங்கி மறுபடி ஏறியது. "ஜீப்பு போகும்போது யாராச்சும் போய்க் கேக்கணும்னு நினைச்சீங்களா?" "ஒங்க சித்தப்பன் கேக்கப் போனான். அவனுக்குத்தான் வாய் கூசாதே. ஓடப் பாத்தான்." "அப்புறம்?" "நான் கையப் புடிச்சு இழுத்தேன். கேட்டா தண்ணி இறங்கிரும்டான்னேன்." அவள் அவரைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் கோபமாக இருந்த முகம், கோபம் போய், கதவு சாத்தின வீடு மாதிரி ஆனது. சித்தப்பாவை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டவன் யார் என்று இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது. இனி எத்தனை வருஷத்துக்கு இந்த முகம் என்று அவர் கணக்குப் போடவில்லை. பூமாரி ஏதோ சொல்ல வந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பந்தி நடக்கிற பக்கம் திரும்பிக்கொண்டாள். "எல்லாம் பதிஞ்சுதா?" என்று குருவையா கேட்டார். "பதிஞ்சுது." "என் பேரைச் சரியா எழுது. அவன் பேரையும், கேக்கப் போனான்னு எழுது." "எழுதுதேன்." "அப்பப் போ. அவரு ரயிலுக்குப் போகணும்லா."